பூக்கல்லுக்குக் கீழே ஒரு வலைக்குண்டு

கரம்பொன்,
9 பெப்ரவரி 1975

தங்கச்சி மேரிஜோசப்பினுக்கு,

மூன்று வருடமாக ஒரு வரி எழுதாதவன் சுகம் விசாரித்துக் கடிதத்தைத் தொடங்கினால் நீர் சிரிப்பீர். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உம்மில் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஐயாவின் ஆண்டுப் பூசை முடிந்து, வீடு நிறையச் சனம் சாப்பிட இருந்த நேரம், கோயில் மூப்பர் என்ற முறையில் நான் நோவாவின் வெள்ளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். எங்கள் தீவின் கல்லுக்குள் சிப்பியும் சங்கும் கிடப்பது அந்த ஒரு வெள்ளம் கொண்டுவந்து போட்டதால்தான் என்றேன். நீர் சோற்றுக் கையோடு எழும்பி, "அண்ணை, அது அப்பிடியில்லை. அதுகள் ஒரு வரிசையில கிடக்குது, பழசு கீழ, புதுசு மேல. வெள்ளம் அப்பிடி அடுக்காது" என்றீர். அதற்குப் பிறகு மச்சான்மாரின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் போனது. இனி இந்த வாசல் மிதிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். நீரும் மிதிக்கவில்லை. இரண்டு பேரும் ஐயாவின் பிடிவாதத்தைப் பங்கு போட்டு எடுத்திருக்கிறோம்.

இப்போது எழுதக் காரணம் இதுதான். கரையோரம் ஐயா விட்டுப்போன பனங்காணியில் ஒரு கிணறு வெட்டுகிறேன். வலை இழுத்துவிட்டு வருகிற சனத்துக்கு வாய் நனைக்க அங்கே ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. புளியங்கூடல் ஐயாத்துரை வெட்டுகிறான். மண் கொஞ்சம்தான், பிறகு முழுக்கக் கல். கல்லுடைக்கிற அலவாங்கு போதாமல் வெடியும் வைக்கிறான். நான் தொழிலுக்குப் போய்த் திரும்பி வந்து, வெளியே கொட்டிக் கிடந்த குவியலைப் பார்த்தேன். குவியலின் மேலே, ஐந்து இதழ்ப் பூ வரைந்த உருண்டைக் கற்கள். இப்படி ஒரு பிராணியை நான் எங்கள் கடலில் கண்டதில்லை. குவியலின் அடியில், நாங்கள் ஒவ்வொரு நாளும் கரையில் மிதிக்கிற அதே ஊரிச் சங்கும் மட்டிச் சிப்பியும்.

இப்போது சொல்லும். பழையது கீழே, புதியது மேலே என்றீரே? இங்கே தலைகீழாகக் கிடக்கிறது. வெள்ளம் கலக்கிவிட்டுப் போன சட்டி இது. உமது படிப்பு இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று அறிய ஆசைப்படுகிறேன்.

உமது அண்ணி மேரிறோஸ் பக்கத்தில் நின்று, "தங்கச்சிக்கு எழுதிறியளோ, சண்டைக்கு எழுதிறியளோ?" என்று கேட்கிறாள். இரண்டுக்கும்தான் என்றேன்.

லியோன்

*

கொழும்பு 6,
17 பெப்ரவரி 1975

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கையெழுத்தைத் தபால் உறையில் பார்த்ததும் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தேன். பிரித்ததும் முதலில் குத்தியது "நீர்" என்ற சொல். என்னை நீங்கள் பிறந்த நாளிலிருந்து "நீ" என்றுதானே கூப்பிட்டீர்கள்? பக்கத்து வீட்டுக்காரிக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் எழுதினீர்கள். அதற்காக உங்கள் கையைக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது.

சரி, குவியலுக்கு வருகிறேன். கோபிக்காமல் கேளுங்கள். கிணறு வெட்டும்போது முதலில் வெளியே வருவது எது? மேல் மண். அது குவியலின் அடியில் போகும். கடைசியாக அடியிலிருந்து வருவதை அதற்கு மேலே கொட்டுவார்கள். நீங்கள் பார்த்தது கிணற்றின் தலைகீழ்ப் படம். நம்பிக்கை இல்லாவிட்டால் ஐயாத்துரையைக் கேளுங்கள். அதைவிட நல்லது, நீங்களே கயிற்றில் இறங்கிச் சுவரைப் பாருங்கள்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்காமலே சொல்கிறேன். மன்னார்ப் பக்கம் எண்ணெய் தேடி நிலத்தில் துளை போடுகிறார்கள் அல்லவா? துளைக்குள்ளிருந்து வருகிற சேற்றைத் துணிப் பைகளில் போட்டு, எத்தனை அடியில் எடுத்தது என்று எழுதி எங்கள் கந்தோருக்கு அனுப்புவார்கள். நான் அதைக் கழுவி, அரித்து, நுணுக்குக்காட்டியின் கீழே வைப்பேன். சேறு என்று நினைத்தது முழுக்கச் சிப்பி, அண்ணை! மணலை விடச் சின்னச் சிப்பிகள். ஒரு குண்டூசித் தலையில் ஐந்தாறு பேர் இருக்கலாம். ஒன்று சங்குபோல முறுக்கியிருக்கும். ஒன்று வட்டக் காசுபோல. ஒன்று முத்துகளை ஒட்டவைத்ததுபோல. இவ்வளவு சின்ன உடம்புக்கு இவ்வளவு வேலைப்பாடு ஏன் என்று முதல் மாதம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய அதிசயம் அவற்றின் வரிசை. ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு குடி. மேலே இருக்கிற குடி கீழே இல்லை. கீழே இருந்தது மேலே வருவதற்குள் அற்றுப்போகிறது, பிறகு ஒருக்காலும் தலைகாட்டுவதில்லை. போன வருடம் மாரியில் கந்தோர்க் கூரை ஒழுகி, ஒரு பெட்டியிலிருந்த பைகளில் ஆழம் எழுதின மை முழுக்கக் கரைந்துபோனது. எங்கள் கந்தோர்ப் பெரியவர் தலையில் கைவைத்தார். நான் சிப்பிகளை மட்டும் பார்த்து, இது மேலே, இது அதற்குக் கீழே என்று பைகளை அடுக்கினேன். பிறகு மன்னாரிலிருந்த மறுபிரதியோடு ஒப்பிட்டார்கள். ஒரு பைகூட இடம் மாறவில்லை. அன்றைக்கு உங்களுக்குத்தான் கடிதம் எழுத நினைத்தேன். கூடையில் இருக்கிற மீனைப் பார்த்தே இது கச்சான்காற்றுக் காலத்து மீன், இது வாடைக்காலத்து மீன் என்று சொல்கிறவர் நீங்கள். இந்த மகிழ்ச்சி உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வெள்ளத்தை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் முடிந்த காலை நாங்கள் இருவரும் கரைக்குப் போனோம். என்ன கிடந்தது? சங்கு, ஆட்டுக்குட்டி, வள்ளப் பலகை, பனையோலை, யாரோ வீட்டுச் சட்டி, எல்லாம் ஒரே குப்பையாக. ஒரு கடல் ஒரு முறை எழும்பினால் அப்படித்தான் போட்டுவிட்டுப் போகும். ஆளுக்கு ஆள் தட்டு வைத்து அடுக்கிவிட்டுப் போகாது.

அண்ணிக்கு என் அன்பு. சண்டைக்குத்தான் என்றாலும் எழுதிக்கொண்டிருங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜோசப்பின்

*

கரம்பொன்,
2 மார்ச் 1975

ஜோசப்பினுக்கு,

ஐயாத்துரையிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "மூப்பர், மேல் மண்ணை அடியில கொட்டாமல் ஆகாயத்திலயோ கொட்டுறது?" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்று வாயிலேயே இருந்துவிட்டான். இப்போது கரையில் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். நேற்று வலை இழுக்கும்போது ஒருவன், "அண்ணை, மீனை மேல கொட்டுறதோ, அடியில கொட்டுறதோ?" என்று என்னிடம் கேட்டான். நான் சிரித்ததுபோலக் காட்டிக்கொண்டேன்.

பிறகு கயிற்றில் இறங்கினேன். நீ சொன்னது சரி. மேலே மெல்லிய கல்லில் எங்கள் ஊரியும் மட்டியும். அதற்குக் கீழே கல் வெளுத்து இறுகுகிறது, அதில் பூக்கல். ஒரு சாண் தடிப்பில் சுவரைச் சுற்றி ஓடுகிறது, சட்டைக்குக் கரை தைத்ததுபோல. பூக்கல் கிடக்கிற தட்டில் ஒரு ஊரிகூட இல்லை. விரலால் தடவித் தடவித் தேடினேன். வெளிச்சம் மேலிருந்து விழ, அந்த ஐந்து இதழும் ஈரத்தில் மினுங்கியது. பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் இலேசில் விடுகிறவன் இல்லை. பாரமானது முதலில் தாழும், இலேசானது பிறகு தாழும். பூக்கல் கனமானது, ஊரி கனமற்றது. வெள்ளம் வடியும்போது அதன் அதன் பாரத்துக்கு ஏற்ப அடியில் இறங்கியிருக்கும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தந்த புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறாய்?

"நீ" என்று எழுதியிருக்கிறேன். கவனித்திருப்பாய்.

லியோன்

*

கொழும்பு 6,
10 மார்ச் 1975

அன்பு அண்ணை,

கவனித்தேன். கந்தோரில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். அண்ணை என்னைத் திரும்ப மரியாதை இல்லாமல் கூப்பிடத் தொடங்கிவிட்டார் என்றேன்.

பாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கேள்வி, நாங்களும் படிக்கும்போது கேட்ட கேள்விதான். என் நுணுக்குக்காட்டிச் சிப்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாரம், ஒரே அளவு. வாயால் ஊதினால் ஒன்றாகவே பறக்கும். அப்படியிருந்தும் ஆழத்துக்கு ஆழம் வேறு வேறு. பாரம் அவற்றை எப்படிப் பிரிக்கும்? பூக்கல்லும் உயிரோடு இருந்தபோது பாரமில்லை. உங்கள் காலில் முள் ஏறி ஒரு கிழமை படுக்கையில் கிடந்தீர்களே, அந்தக் கடல் முள்ளு உருண்டையின் இனம்தான் அது. கையில் எடுத்தால் உள்ளே ஒன்றுமில்லாத ஓடு, வெறும் கோது. மட்டி குடியிருக்கிற அதே சேற்றில்தான் அதுவும் குடியிருந்தது. ஓடித் தப்பவும் இரண்டுக்கும் கால் இல்லை.

இன்னொன்று. பூக்கல் தட்டிலிருந்து ஒரு கோதை எடுத்து நன்றாகப் பாருங்கள். சிலவற்றில், வள்ளத்தின் அடியில் ஒட்டி வளர்ந்து உங்களுக்குக் கோபம் மூட்டுமே, அந்தக் கூர்ச் சிப்பியின் இனம் ஒட்டியிருக்கும். அது உயிருள்ள உருண்டையில் ஒட்டாது, முள் விடாது. உருண்டை செத்து, முள் உதிர்ந்து, வெறும் கோதாகக் கடலடியில் கிடந்தபிறகுதான் ஒட்டியிருக்கிறது. ஒட்டி, வளர்ந்து, பெருத்து, அதுவும் செத்திருக்கிறது. பிறகுதான் புதைந்தது. ஒரு கோதுக்கே இவ்வளவு காலம். ஒரு சாண் தட்டுக்கு எவ்வளவு காலம்? முழுக் கிணற்றுக்கு? நினைத்தால் எனக்குத் தலை சுற்றும். பயத்தினால் அல்ல. கோயிலில் நற்கருணை எழுந்தேற்றம் நடக்கும்போது ஒரு அமைதி வருமே, அதுபோல. இந்த வேலைக்கு வந்து என் விசுவாசம் குறைந்ததாக நீங்கள் நினைத்தால் அது தவறு. கடவுளை அவசரக்காரர் என்று நினைப்பதைத்தான் விட்டேன்.

ஒளிக்காமல் எங்கள் பக்கத்துத் தொல்லையையும் சொல்கிறேன். துளைக்குள் மேலிருந்த சிப்பி சில நேரம் சரிந்து கீழே விழும். புதியது பழையதற்குள் போகும், ஒரு ஓட்டை இருந்தால். ஆனால் பழையது தானாக எழும்பி, கிளறாத புதிய தட்டுக்குள் போய் இருக்காது. அதனால் நாங்கள் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டே பார்ப்போம்.

உங்களுக்கு ஒரு வழி சொல்லித் தருகிறேன், என்னைத் தோற்கடிக்க. பூக்கல்லின் தட்டிலோ அதற்குக் கீழேயோ, இந்தக் காலத்து ஒரேயொரு பொருளைக் கண்டுபிடியுங்கள். ஆட்டு எலும்பு, மனிதப் பல், எதுவானாலும். ஒன்று போதும். உலகம் முழுக்க எத்தனையோ பேர் இத்தனை காலமாகக் கல்லை உடைக்கிறார்கள், அந்த ஒன்று இன்னும் அகப்படவில்லை.

உங்கள்,
ஜோசப்பின்

*

கரம்பொன்,
6 ஏப்ரல் 1975

அன்புத் தங்கச்சிக்கு,

அந்த ஒன்று அகப்பட்டுவிட்டது.

நான் துள்ளிக் குதித்து எழுதவில்லை. பெரிய கிழமைக்கு முந்தின சனிக்கிழமை நானே கிணற்றுக்குள் இருந்தேன். பதினாலு அடி. பூக்கல் தட்டுக்கும் கீழே. கிழக்குச் சுவரில் ஐயாத்துரை அலவாங்கு போட, ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. அதற்குள் பாதி புதைந்து ஒரு வலைக்குண்டு! வலை தாழக் கட்டுகிற சுட்ட களிமண் குண்டு, நடுவில் கயிறு போகிற துளை. ஐயா காலத்தில் எல்லோரும் களிமண்ணில் உருட்டிச் சுட்டார்களே, ஈயக்குண்டு வர முந்தி, அதே மாதிரி. சுற்றிவர வெள்ளைக் கல் இறுகிப் பிடித்திருக்கிறது. அந்தக் கல்லில் ஊரியும் ஒட்டியிருக்கிறது, பூக்கல்லின் ஒரு இதழும் ஒட்டியிருக்கிறது. நீ எழுதின கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கிணற்றுக்குள்ளேயே எடுத்து இன்னொருக்கால் வாசித்தேன்.

வெள்ளத்துக்கு முந்தின மனிதனும் எங்களைப்போல வலை போட்டிருக்கிறான், தங்கச்சி. ஊர் முழுக்க வந்து பார்த்தது. பொம்பிளைகள் மெழுகுதிரி கொண்டுவந்தார்கள். நயினாதீவிலிருந்து வள்ளத்தில்கூடச் சனம் வந்தது. உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கோயில் மண்டபத்தில் வைத்தோம். நான் எழும்பி, இது நோவா காலத்துக் குண்டு என்று எல்லோருக்கும் முன்னால் சாட்சி சொன்னேன். கடற்றொழில் செய்கிறவன் என்று எங்களை இளக்காரமாகப் பார்த்த உத்தியோகத்தர் வீட்டு ஆட்கள்கூட வந்து என் கையைப் பிடித்தார்கள். குவியல் கதையைச் சொல்லிச் சிரித்தவன் ஒருவனும் இப்போது சிரிக்கவில்லை. பங்குச் சுவாமியார் மட்டும், "லியோன், கொஞ்சம் பொறும். இது விசுவாசப் பிரமாணத்தில இல்லை" என்கிறார். கோயில் பெருநாளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய சுவாமியார் வருகிறார், அவருக்கு முன்னாலும் நான் பேச வேண்டும் என்று சனம் கேட்கிறது.

உன்னை வெல்ல வேண்டும் என்று மூன்று வருடம் நினைத்தேன். வென்ற பிறகு, நீ அங்கே தனியாக இருந்து இதை வாசிப்பாயே என்றுதான் நினைவு வருகிறது. இதைப் பற்றி நீ உண்மையில் என்ன நினைக்கிறாய் என்று எழுது. உன் சொல்லை நான் கேட்பேன்.

அண்ணை,
லியோன்

*

கொழும்பு 6,
13 ஏப்ரல் 1975

என் அன்பு அண்ணை,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதலில், "வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு கிடைத்த அண்ணையை ஒரு களிமண் குண்டுக்காக இழக்க எனக்கு மனமில்லை. ஊரில் உங்களுக்கு வந்த மதிப்பும் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் "உன் சொல்லை நான் கேட்பேன்" என்று எழுதிவிட்டீர்கள். அப்படி எழுதின ஒருவருக்கு நான் பொய் எழுத ஏலாது.

நீங்கள் சொன்னது உண்மையானால் நான் தோற்றேன். நான் மட்டுமல்ல, எனக்குப் படிப்பித்தவர்களும் தோற்றார்கள். அப்படியானால் அடுத்த யாழ்ப்பாணக் கோச்சியில் ஏறி வந்து, அன்றைக்குச் சோற்றுக் கையோடு எழும்பின அதே இடத்தில் நின்று, அண்ணை சொன்னதுதான் சரி என்று சொல்வேன். என் பெரியவருக்கும் நானே எழுதுவேன்.

அதற்கு முன் இரண்டு காரியம் பாருங்கள்.

குண்டு கிடந்த இடத்துக்கு நேரே மேலே, பூக்கல் தட்டு உடையாமல் ஓடுகிறதா? நீங்கள்தான் எழுதினீர்கள், சட்டைக்குக் கரை தைத்ததுபோல என்று. அந்தக் கரையில் விரலை வைத்துச் சுவரைச் சுற்றி வாருங்கள். கிழக்குச் சுவரிலும் அது அறாமல் இருந்தால், குண்டு அந்தத் தட்டுக்கு மூத்தது. அங்கே மட்டும் அறுந்திருந்தால், மேலிருந்து யாரோ ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊரியும் பூக்கல் துண்டும் ஒரே கட்டியில் ஒட்டியிருப்பதாக எழுதினீர்கள். சுவரில் ஒரு இடத்திலும் அவை சேர்ந்து கிடக்கவில்லை என்று எழுதினதும் நீங்கள்தான். அதுதான் என்னை உறுத்துகிறது.

இறுகின கல்லைக் கண்டு ஏமாற வேண்டாம். அண்ணியின் குசினியில் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்திலைத் திறந்து பாருங்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் உள்ளே எவ்வளவு வெள்ளைக் கல் படிய வைத்திருக்கிறது? அது எந்த வெள்ளத்தில் வந்தது? தண்ணீர் ஊறுகிற இடத்தில் கிடக்கிற பொருளையும் அது அப்படித்தான் மூடும்.

சுவரைப் பார்த்த பிறகு, சுவரைப் பார்த்த பிறகுதான், அண்ணி கேத்தில் கழுவுகிற வினாகிரியில் குண்டை ஊறப் போடுங்கள். வெள்ளைக் கல் நுரைத்துக் கரையும். சுட்ட களிமண் கரையாது. ஐயா காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் பச்சைக் களிமண்ணில் தன் குறியைக் கீறித்தானே சுட்டார்கள்?

செய்ய மனமில்லாவிட்டால் செய்ய வேண்டாம். நான் யாருக்கும் வாய் திறக்க மாட்டேன். நீங்கள் எனக்கு எழுதிக்கொண்டிருந்தால் போதும்.

உங்கள்,
ஜோசப்பின்

*

கரம்பொன்,
4 மே 1975

அன்பான தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு கிழமை நான் கிணற்றுப் பக்கம் போகவில்லை. உண்மையைச் சொன்னால், அதைக் கிழித்து அடுப்பில் போடத்தான் எழும்பினேன். அடுப்பில் கேத்தில் இருந்தது. மேரிறோஸ் அதன் மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவள் உன் கடிதத்தை எனக்கு முந்தி வாசித்திருக்கிறாள்.

அடுத்த நாள் இறங்கினேன். பூக்கல் தட்டில் விரலை வைத்து வடக்கிலிருந்து சுற்றி வந்தேன். கிழக்குச் சுவரில், என் கை அகலத்துக்கு, விரலுக்குக் கீழே பூ இல்லை. அலவாங்கு எடுத்துத் தட்டினேன். அந்த இடத்தில் மட்டும் சத்தம் வேறு. வெள்ளைக் கல்லால் ஒட்டிப்போன கற்குவியல், ஊரி, உடைந்த சட்டி ஓடு. ஒட்டினதைப் பெயர்த்துக்கொண்டு போனால், உள்ளே வளைந்து போகிற ஒரு பழைய சுவர். அதில் எங்களுடையதல்லாத பழைய அலவாங்குத் தழும்பு. ஐயாத்துரை கையால் தடவிப் பார்த்து, "மூப்பர், இது கிணறு. ஆரோ வெட்டித் தூர்த்த கிணறு. நாங்கள் அதின்ர விளிம்பைத்தான் வெட்டியிருக்கிறம்" என்றான். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இருந்தாலும் நீ சொன்ன இரண்டாவது காரியத்தையும் செய்தேன். சுவாமியாரிடம் கண்ணாடிப் பெட்டியின் திறப்பு வாங்கிப் பூட்டைத் திறந்து, குண்டை எடுத்துவந்து குசினியில் வினாகிரிச் சட்டியில் போட்டேன். நுரைத்தது. பொழுதுபட எடுத்துத் துடைத்தேன். மீன்வாலும் அதற்குள் ஒரு புள்ளியும். எங்கள் குறி, ஜோசப்பின். ஐயாவின் அலுமாரியில் இருக்கிற பழைய குண்டிலும் அதே குறிதான் இருக்கிறது, அதே கைக் கீறல்.

எங்கள் குண்டு எங்கள் காணிக் கிணற்றுக்குள் எப்படிப் போனது என்று கேட்க ஐயாவும் இல்லை, ஆச்சியும் இல்லை. புளியங்கூடலில் தன் தங்கை வீட்டில் இருக்கிற சூசையம்மாச் சின்னம்மாவிடம் போனேன். ஐயாவின் தம்பி பத்திநாதர் சின்னையாவைக் கட்டி, ஒரு வருடத்தில் அவரைக் கடலுக்குக் கொடுத்தவ. நான் பிறப்பதற்கு முந்தின கதை. வலை கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. கல்லறை இல்லாத செத்தவீடு.

குண்டைக் கையில் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாது. விரலால் குறியைத் தடவினா. பிறகு, துளைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளத்தில் தன் பெருவிரலை வைத்தா. எனக்கு அது பள்ளம் என்றுகூடத் தெரியவில்லை. வைத்த விரல் அப்படியே பொருந்தியது.

"இது நான் உருட்டினது" என்றா. "கலியாணம் முடிச்சு வந்த கையோட உருட்டினனான். அவர்தான் குறி கீறினவர்."

பிறகு சொன்னா. ஆள் போன வலையின் குண்டைத் திரும்ப வலையில் கட்டுவதும் இல்லை, கடலுக்குக் கொடுப்பதும் இல்லை. வலையை ஐயா எரித்தது சின்னம்மாவுக்குத் தெரியும். குண்டுகளை என்ன செய்தார் என்று கேட்க அப்போது வாய் வரவில்லை. கரைக் கிணறு உப்பாகிப்போய் அந்த வருடம்தான் தூர்த்தார்கள். தூர்க்கும்போது ஐயா தம்பியின் குண்டுகளை அடியில் போட்டு மூடியிருக்கிறார். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஐயாவைத் தெரியும்தானே.

"நான் கடலைப் பாத்தெல்லோ இவ்வளவு காலமும் செபம் சொன்னனான்" என்றா சின்னம்மா. "மனுசன் கரையில இருந்திருக்கிறார்."

நான் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எழும்பினேன். பெருநாள்வரை காத்திருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டி வெறுமையாக இருப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். இது நோவா காலத்துக் குண்டு இல்லை, பத்திநாதர் சின்னையாவின் குண்டு. பூக்கல் தட்டு அறுந்த இடத்தை நான் பார்க்காமல் சாட்சி சொல்லிவிட்டேன், என் தங்கச்சிதான் பார்க்கச் சொன்னவள், கல்லின் வரிசை பற்றி அவள் அன்றைக்கு எங்கள் வீட்டில் சொன்னது சரி. இவ்வளவும் சொன்னேன். பின்னுக்கிருந்து ஒருவன் சிரித்தான். உத்தியோகத்தர் வீட்டு ஆட்கள் கை பிடிக்காமல் போனார்கள். மூப்பர் பதவியை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. சுவாமியார் வாசலில் நின்று, "லியோன், ஈஸ்டருக்குச் சொன்னதைவிட இதுதான் சாட்சி" என்று முதுகில் தட்டினார். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. வீட்டுக்கு வந்து மேரிறோஸ் போட்ட தேத்தண்ணியைக் குடிக்கும்போதுதான் மனம் இலேசானது.

கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நல்ல தண்ணீர். இத்தனை மாரி ஊறிப் பழைய உப்பு இறங்கியிருக்கும் என்கிறான் ஐயாத்துரை. உள்ளே சீமெந்து பூசுகிறோம். மேற்குச் சுவரில் ஒரு பாயளவு இடம் பூசாமல் விடச் சொல்லியிருக்கிறேன், மேலிருந்து பூக்கல்வரை. ஐயாத்துரை ஏன் என்று கேட்டான். தங்கச்சி வந்து வாசிக்க வேண்டும் என்றேன். எனக்கும் இப்போது இறங்காமல் இருக்க முடியவில்லை. கூர்ச் சிப்பி ஒட்டின கோது ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். நீ எழுதினதுபோலவே இருக்கிறது. செத்தவனின் வீட்டில் இன்னொருவன் வந்து குடியிருந்து, பிள்ளை பெற்று, கிழவனாகி. எவ்வளவு பொறுமை, தங்கச்சி!

வாசல் மிதிக்க வேண்டாம் என்று சொன்னவன் நான். வா என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். வா.

உன் அண்ணை,
லியோன்

*

கொழும்பு 6,
10 மே 1975

என் அண்ணைக்கு,

வெள்ளிக்கிழமை யாழ்தேவி ரயிலில் வருகிறேன். யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியிலிருந்து பஸ் எடுத்து வருவேன், ஒருவரும் காத்து நிற்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை எங்கள் பெரியவருக்குத் தமிழிலிருந்து இங்கிலீசில் சொல்லிக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த ஒன்றை, அதுவும் ஊர் கைதட்டின ஒன்றை, தானே சோதித்துத் தானே விட்டவர்களை இந்தத் துறையிலும் அதிகம் கண்டதில்லை என்றார். அன்றைக்குச் சோற்றுக் கையோடு எழும்பி நான் சொன்னது சரிதான், ஆனால் அதற்கு ஒரு துணிவும் தேவைப்படவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழும்பினது வேறு. நினைத்துப் பார்க்கிறேன், அந்த இடத்தில் நான் என்றால் எழும்பியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

பூதக்கண்ணாடி கொண்டுவருகிறேன். கயிறு கட்டி வையுங்கள், இரண்டு பேரும் இறங்கிப் பார்ப்போம். மேற்குச் சுவரை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

ஆனால் முதலில் புளியங்கூடலுக்குப் போவோம். சின்னம்மா நடக்கமாட்டா என்றால் காரொன்று பிடிப்போம். கிழக்குச் சுவருக்குப் பின்னால் மிச்சக் குண்டுகளும் இருக்கும் அல்லவா? அவற்றை எடுக்க வேண்டாம், அண்ணை. அந்தப் பக்கம் பூசிவிடுங்கள். மேலே, கிணற்றுக் கட்டுக்குக் கிழக்கே, ஒரு சிலுவை நடுவோம். சின்னம்மா மெழுகுதிரி கொளுத்தட்டும். இனி அவ கடலைப் பார்த்துச் செபம் சொல்லத் தேவையில்லை.

உங்கள் தங்கச்சி,
ஜோசப்பின்